நாலாமிடத்து நாயகன்

2017 மார்ச் 18. வெஸ்ட் பிராம்விச் ஆல்பியன் கால்பந்து அணியின் மைதானத்துக்கு மேலே ஒரு குட்டி விமானம் வட்டமடித்தது. அதன் வாலில் நீளமாக ஒரு துணி. ஆர்சனல் மேனேஜர் ஆர்சென் வெங்கருக்குப் புது ஒப்பந்தம் கூடாது, ஆள் வெளியேறட்டும் என்று அதில் எழுதியிருந்தது. லண்டனிலிருந்து வந்திருந்த ஆர்சனல் ரசிகர்களில் பாதிப் பேர் கைதட்டினார்கள், மீதிப் பேர் பல்லைக் கடித்தார்கள். பிறகு இன்னொரு விமானம் வந்தது. அதன் வாலிலும் துணி: ஆர்சென் மீது நம்பிக்கை வைத்திருக்கிறோம், மரியாதை கொடுங்கள். இப்போது கைதட்டியவர்களும் பல்லைக் கடித்தவர்களும் இடம் மாறிக்கொண்டார்கள். கீழே புல்தரையில் ஆர்சனல் 3-1 என்று உதை வாங்கிக்கொண்டிருந்தது. அதைக் கவனிக்க யாருக்கும் நேரமில்லை.

கோயில் யானைக்கு வடகலை நாமமா தென்கலை நாமமா என்று வழக்காடிய பரம்பரை நாம். இந்தச் சண்டை நமக்குப் புரியாததில்லை. என்ன, நம்மவர்கள் நாமத்தை வானத்தில் போட விமானம் வாடகைக்கு எடுத்ததில்லை. வட லண்டனில் ஒரு கலையினருக்கு ஆர்சென் வெங்கர் தெய்வம். மறு கலையினருக்கும் தெய்வம்தான், ஆனால் 2006ஓடு நடை சாத்தியிருக்க வேண்டும். மூன்றாவது கலை ஒன்றும் உண்டு. ஆட்டத்துக்கு முன் ஒரு கட்சி, ஆட்டம் முடிந்ததும் மறு கட்சி. எண்ணிக்கையில் அதுதான் அதிகம்.

புராணத்தை முதலிலிருந்து சொன்னால்தான் விளங்கும்.

பிரான்சின் அல்சாஸ் பகுதியில் துட்லன்ஹைம் என்று ஒரு கிராமம். வெங்கரின் பெற்றோர் அங்கே ஒரு மதுக்கடை நடத்தினார்கள். ஊர்ப் பெரியவர்கள் குடித்துக்கொண்டே, உள்ளூர் அணியில் யாரைச் சேர்க்கலாம், யாரைத் தூக்கலாம் என்று கத்துவதைக் கேட்டே பையன் வளர்ந்தான். போதையில் பேசும் கால்பந்து நிபுணர்களைத் தொட்டிலிலிருந்தே பார்த்துவிட்டவர், பின்னாளில் ரசிகர்கள் சொன்ன எதையும் காதில் போட்டுக்கொள்ளாததில் ஆச்சரியம் என்ன? இடையில் ஸ்ட்ராஸ்பர்க்கில் பொருளாதாரம் வேறு படித்துவைத்தார். இந்தப் படிப்பு கதையில் பின்னால் வரும், வில்லனாக.

1989இல் மோனாக்கோ அணியின் மேனேஜராக இருந்தபோது ஆர்சனல் ஆட்டம் ஒன்றைப் பார்க்க லண்டன் வந்தார். கிளப்பின் துணைத் தலைவர் டேவிட் டீன் அவரைப் பிடித்து ஒரு விருந்துக்குக் கூட்டிப்போனார். அங்கே வாய் திறக்காமல் நடித்துக்காட்டும் விளையாட்டு. ஷேக்ஸ்பியரின் நாடகப் பெயர் ஒன்றை அந்நிய மொழிக்காரர் நடித்தே புரியவைத்துவிட்டார். இவர்தான் நம் ஆள் என்று டீன் முடிவுகட்டினார். கோடிக்கணக்கில் புரளும் ஒரு கிளப்பின் இருபத்திரண்டு ஆண்டுகள் ஒரு விருந்து விளையாட்டில் தீர்மானமாயின.

1996இல் புரூஸ் ரியோக்கை அனுப்பிவிட்டு வெங்கரைக் கொண்டுவந்தார்கள். அப்போது அவர் ஜப்பானில், நகோயா கிராம்பஸ் அணியில் இருந்தார். லண்டன் மாலைப் பத்திரிகை ஒன்று ‘ஆர்சென்? யாரு?’ என்று சுவரொட்டி போட்டது. ஆள் ஒல்லி, உயரம், மூக்குக்கண்ணாடி. பார்த்தால் பள்ளிக்கூட வாத்தியார் மாதிரி இருக்கிறார், இவருக்குக் கால்பந்தைப் பற்றி என்ன தெரியும் என்று அணித்தலைவர் டோனி ஆடம்ஸே நினைத்தார்.

வாத்தியார் முதலில் கைவைத்தது சாப்பாட்டில். அன்றைய ஆர்சனல் வீரர்களுக்குப் பயிற்சி என்பது இரண்டு குடிக்கு நடுவே வரும் இடைவேளை. செவ்வாய்க்கிழமை தோறும் கூடிக் குடிக்க ஒரு சங்கமே வைத்திருந்தார்கள். வெங்கர் வந்ததும் வேகவைத்த கோழி, வேகவைத்த மீன், பச்சைப் பூக்கோசு. மெதுவாக மென்று தின்ன வேண்டும் என்று பாடம் வேறு. முப்பது வயது கடந்த, உலகமே பயந்த தடுப்பாட்டக்காரர்கள் வரிசையாக உட்கார்ந்து மென்றார்கள். சாக்லேட் தடை. முதல் ஆட்டம் பிளாக்பர்னில், 2-0 வெற்றி. அந்தப் பயணத்தில் பஸ்ஸின் பின்சீட்டுக்காரர்கள் மார்ஸ் சாக்லேட் வேண்டும் என்று கோஷம் போட்டுக்கொண்டே வந்தார்கள். அவர் ஆட்சியில் எழுந்த முதல் போராட்டம் அது. வாத்தியார் முன்சீட்டில் சிரித்துக்கொண்டிருந்திருப்பார். கொடுக்கவில்லை.

இந்த ‘கொடுக்கவில்லை’யை நினைவில் வையுங்கள்.

1998இல் லீக், எஃப்.ஏ. கோப்பை இரண்டும் கிடைத்தன. பிரிட்டிஷ்காரர் அல்லாத ஒருவர் இங்கிலாந்தில் லீக் வென்றது அதுவே முதல் முறை. பட்டத்தை உறுதிசெய்த ஆட்டத்தில் கடைசி கோலை அடித்தது யார்? வாத்தியாரைச் சந்தேகித்த அதே ஆடம்ஸ். 2002இல் மறுபடி இரட்டைப் பட்டம், அதுவும் மான்செஸ்டர் யுனைடெட்டின் சொந்த மைதானத்திலேயே லீக்கை முடித்து. தலைக்கு ஏறாமல் இருக்குமா? ஒரு சீசன் முழுக்கத் தோற்காமல் ஆட முடியும் என்று வெங்கர் வாயைவிட்டார். சில வாரங்களில் எவர்டனிடம் தோற்றார்கள். கோல் போட்டது பதினேழு வயதுகூட நிரம்பாத வெய்ன் ரூனி என்ற பொடியன். நாடே விழுந்து விழுந்து சிரித்தது.

அடுத்த சீசன், 2003-04. 38 ஆட்டம், 26 வெற்றி, 12 சமன், தோல்வி பூஜ்யம். சிரித்தவர்கள் வாயைக் கழுவிக்கொண்டார்கள். தோல்வியே இல்லாத அந்த ஓட்டம் 49 ஆட்டம் வரை நீண்டு, 2004 அக்டோபரில் யுனைடெட்டின் ஓல்ட் டிராஃபோர்டில் முடிந்தது. அன்று வீரர்கள் போகும் வழியில் நடந்த கைகலப்பில் பறந்துவந்த பீட்சா ஒன்று யுனைடெட் மேனேஜர் அலெக்ஸ் ஃபெர்குசனின் சட்டையில் அப்பியது. எறிந்தது ஆர்சனல் பையன் செஸ்க் ஃபாப்ரிகாஸ். அதை ஒத்துக்கொள்ள அவருக்குப் பதின்மூன்று வருஷம் பிடித்தது. பூக்கோசு ஆட்சியில் பீட்சா எங்கிருந்து வந்தது என்ற கேள்வியை மட்டும் எந்த ஆய்வாளரும் இதுவரை எழுப்பவில்லை.

இதுவரை இரண்டு கலைக்கும் சண்டையில்லை. 2006இல் ஆரம்பிக்கிறது.

38,000 பேர் அமரும் ஹைபரி மைதானத்தை விட்டு, 60,000 பேருக்கு எமிரேட்ஸ் மைதானம் கட்டினார்கள். செலவு 39 கோடி பவுண்டு. கடன் கொடுத்த வங்கிகள், வெங்கர் ஐந்து வருஷம் இருப்பார் என்று உறுதி கேட்டன என்று அவரே பிறகு சொன்னார். உலகத்தில் எல்லாரும் வீட்டுக்கடனுக்கு வீட்டை அடமானம் வைப்பார்கள். ஆர்சனல் மேனேஜரை வைத்தது. அதே நேரம் செல்சியில் ரஷ்யப் பணம், 2008இலிருந்து மான்செஸ்டர் சிட்டியில் அபுதாபிப் பணம். நடுவே பொருளாதார வாத்தியார் கணக்கு நோட்டை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு வீரனுக்கு இவ்வளவா விலை என்று தலையில் அடித்துக்கொண்டார். தியரி ஆன்றி போனார், ஃபாப்ரிகாஸ் போனார். 2012இல் ராபின் வான் பெர்சியை யுனைடெட்டுக்கே விற்றார்கள். அடுத்த ஏப்ரல் மாதமே யுனைடெட் லீக்கை வென்றது. இதைவிட நேர்த்தியாக எதிரிக்குச் சீர்வரிசை அனுப்ப முடியாது.

2011 ஆகஸ்டில் அதே ஓல்ட் டிராஃபோர்டில் 8-2 தோல்வி. எட்டு! மூன்று நாளில் வீரர்களை வாங்கி விற்கும் கெடு முடிகிறது என்பதால், அடைமழைக்கு முன் காய்கறி வாங்குகிறவர் மாதிரி ஐந்து பேரை அள்ளிப்போட்டார்கள். 2013இல் லிவர்பூலின் லூயிஸ் சுவாரஸுக்கு விலை கேட்டது இன்னும் விசேஷம். நாலு கோடிக்கு மேல் கொடுத்தால் பேச்சுவார்த்தைக்கு வழி உண்டு என்று ஒரு ஷரத்து இருப்பதாகக் கேள்விப்பட்டு, நாலு கோடியே ஒரு பவுண்டு என்று எழுதி அனுப்பினார்கள். அந்த ஒரு பவுண்டைத்தான் நான் ரசிக்கிறேன். ஒரு ரூபாய் மொய்யாவது சுபமாக முடியும், இது அதுவுமில்லை. அங்கே என்னதான் புகைக்கிறார்கள் என்று லிவர்பூல் முதலாளி பகிரங்கமாகவே கேட்டார்.

2014 மார்ச்சில் வெங்கரின் ஆயிரமாவது ஆட்டம், செல்சி மைதானத்தில். முந்தின மாதம்தான் செல்சி மேனேஜர் மொரின்யோ அவரைத் தோல்வியில் கைதேர்ந்த நிபுணர் என்று கிண்டலடித்திருந்தார். 6-0 தோல்வி. அதுவும் போதாதென்று, ஆர்சனலின் ஆக்ஸ்லேட்-சேம்பர்லின் கையால் தடுத்த பந்துக்கு நடுவர் சக வீரர் கீரன் கிப்ஸுக்குச் சிவப்பு அட்டை காட்டி வெளியே அனுப்பினார். நான்தான் தடுத்தேன் என்று குற்றவாளியே முன்வந்து சொல்லியும் நிரபராதிதான் நடையைக் கட்டினார். எங்கள் ஆள் செய்த தப்பை நான் பார்க்கவில்லை என்று வருஷக்கணக்கில் பத்திரிகைக்காரர்களிடம் சொல்லிவந்த மேனேஜருக்கு, அதைவிடப் பார்வை மங்கிய நடுவர் வாய்த்தார்.

இந்த வருஷங்களில்தான் அந்த நீளக் கோட்டு பிரபலமாயிற்று. கணுக்கால் வரை தொங்கும், படுக்கைப் பை மாதிரி ஒன்று. அதன் ஜிப்பை வெங்கரால் போட முடியாது. கோட்டின் அடி நுனியைக் குனிந்து தேடுவார், பல்லில் பல்லைக் கோப்பார், பாதி ஏறும், சிக்கும், மறுபடி குனிவார். அதற்குள் எதிரணி ஒரு கோல் போட்டிருக்கும். மறு கலையினர் இதை வெறும் ஜிப்பாகப் பார்க்கவில்லை, ஆட்சியின் நிலை அறிக்கையாகப் பார்த்தார்கள்.

கோபத்துக்கு நியாயம் இல்லாமல் இல்லை. மிக விலை உயர்ந்த சீசன் டிக்கெட் 2,000 பவுண்டைத் தாண்டியிருந்தது. அந்த விலைக்கு, சாம்பியன்ஸ் லீகுக்குத் தகுதி பெறுவதும் ஒரு கோப்பை மாதிரிதான் என்று மேனேஜர் விளக்கம் சொன்னார். அப்போது லீகில் முதல் நாலு இடத்துக்குள் வந்தால் அந்தத் தகுதி. தொடர்ந்து இருபது சீசன் அதற்குள் முடித்தார். நாலாம் இடக் கோப்பை என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள், எதிரிகளைவிடச் சொந்த ரசிகர்கள் அதிகமாக. 2014 டிசம்பரில் ஸ்டோக்கில் தோற்றுத் திரும்பும்போது ரயில் நிலையத்தில் அவரைச் சூழ்ந்து கூச்சலிட்டார்கள். அந்தக் கூட்டத்தில் ஒரு புண்ணியவான் வீரர் ஜோயல் கேம்பலைப் பார்த்து, முடியும்போதே தப்பிச்சுப் போயிடு ஜோயல் என்று கத்தினார். ஜோயல் சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளை. அடுத்த மாதமே ஸ்பெயினுக்குக் கடனாகப் போய்விட்டார்.

வெங்கர் போகவில்லை. ‘வெங்கர் வெளியேறு’ அட்டை அமெரிக்க மல்யுத்த அரங்கிலெல்லாம் தென்பட்டது. உச்சம் 2017 நவம்பர் 18. ஜிம்பாப்வே தலைநகர் ஹராரேயில் அதிபர் ராபர்ட் முகாபேவை இறங்கச் சொல்லி மக்கள் வெள்ளம். நடுவில் ஒருவர் நிதானமாக வெங்கரை வெளியேறச் சொல்லும் அட்டையைப் பிடித்து நின்றார். மூன்றாம் நாள் முகாபே ராஜினாமா செய்தார், முப்பத்தேழு வருஷ ஆட்சி சரிந்தது. வெங்கரோ அந்தச் சனிக்கிழமை டாட்டன்ஹாமை 2-0 என்று வென்றுவிட்டுப் பூக்கோசு சாப்பிடப் போனார்.

முதல் பாதி வெங்கர் வேறு, இரண்டாம் பாதி வெங்கர் வேறு என்று இரண்டு கலையினரும் பேசுவதுதான் எனக்கு ஒப்பவில்லை. ஒரே ஆள்தான். பஸ்ஸே கத்தியும் சாக்லேட் கொடுக்காத பிடிவாதம்தான், மைதானமே கத்தியும் காசை எடுக்காத பிடிவாதம். 2015 கோடையில் ஒரு கோல்கீப்பரைத் தவிர முதல் அணிக்கு வேறு ஆளே வாங்கவில்லை. அடுத்த மே மாதம் லீக்கை வென்றது லெஸ்டர் சிட்டி! பிடிவாதம் பலித்தபோது தொலைநோக்கு என்றோம், பலிக்காதபோது கஞ்சத்தனம் என்றோம். அதே ஆளிடம் 2014இலும் 2015இலும் 2017இலும் எஃப்.ஏ. கோப்பையை வாங்கிக்கொண்டோம். மொத்தம் ஏழு, எந்த மேனேஜருக்கும் அத்தனை இல்லை. அவர் வருமுன் ஒரு கோல் அடித்துவிட்டுக் கதவைச் சாத்தும் சலிப்பூட்டும் அணி என்றுதான் ஆர்சனலுக்குப் பெயர். நாலாம் இடத்தைக் கேவலமாக நினைக்கும் அளவுக்கு நாக்கை வளர்த்துவிட்டதே அவர்தான்.

2018 மே மாதம் ஒருவழியாகப் போனார். பிறகு நடந்ததைச் சொல்லக் கலைப் பேதமே தேவையில்லை. உனாய் எமெரி வந்தார், ஐந்தாம் இடம். அவரும் போய், வெங்கரிடம் ஆடிய மிக்கேல் ஆர்டெட்டா வந்தார். எஃப்.ஏ. கோப்பை ஒன்று, எட்டாம் இடம், மறுபடி எட்டாம் இடம். வெங்கரின் கடைசி சீசனையும் சேர்த்து ஆறு சீசன் சாம்பியன்ஸ் லீக் வாசலை மிதிக்கவில்லை. 2022 மே மாதம் நாலாம் இடம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. டாட்டன்ஹாமிடம் 3-0, நியூகாசிலிடம் 2-0 தோற்றுக் கோட்டைவிட்டார்கள். நாலாம் இடம் யாருக்குப் போயிற்று? டாட்டன்ஹாமுக்கு. அன்று நாலாம் இடக் கோப்பைக்காக வட லண்டனில் வயதுவந்த ஆண்கள் அழுதார்கள். யாரும் சிரிக்கவில்லை.

2023இல் எமிரேட்ஸ் வாசலில் வெங்கருக்கு வெண்கலச் சிலை வைத்தார்கள். மூன்றரை மீட்டர் உயரம், தலைக்குமேல் தூக்கிய லீக் கோப்பை. அந்த நீளக் கோட்டு இல்லை. இரண்டு கலையினரும் வரிசையில் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

சிலைக்குரியவரோ ஓய்வாக இல்லை. ஃபிஃபாவில் உலகக் கால்பந்து வளர்ச்சித் தலைவராக உட்கார்ந்துகொண்டு, 2021இல் உலகக் கோப்பையை இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை நடத்தலாம் என்று கிளப்பினார். ஐரோப்பா முழுக்க ரசிகர் சங்கங்கள் கூடவே கூடாது என்று கொதித்தன. போதாததற்கு ஆஃப்சைடு விதியையும் மாற்ற வேண்டும் என்கிறார். பரணில் போட்ட அட்டைகளை ஆர்சனல் ரசிகர்கள் இனி நல்ல விலைக்கு விற்கலாம்.