நாற்பது வருஷக் கேஷ்

வெப் அப்ளிகேஷனில் மாறுகிற சங்கதி ஒரு வகை, மாறாத சங்கதி ஒரு வகை. உங்கள் பெயர், பாக்கித் தொகை, வாங்குவதற்காகக் கூடையில் போட்டுவிட்டு மறந்துபோன புடவை இவையெல்லாம் ஆளுக்கு ஆள் மாறும். லோகோ, எழுத்துரு, சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட் ஆகியவை வருகிறவர் கலெக்டரானாலும் கடன்காரரானாலும் ஒன்றுதான். இந்த இரண்டாம் வகைக்கு ஸ்டாட்டிக் அசெட் என்று பெயர். சும்மா இருப்பது அதன் உத்தியோகம்.

சும்மா இருக்கிறவர்களைச் சமாளிப்பதுதான் உலகத்திலேயே சிரமமான வேலை. 2011-இல் ரெயில்ஸ் 3.1 ‘அசெட் பைப்லைன்’ என்று ஒன்றைக் கொண்டுவந்தது. பின்னாலேயே கிரன்ட் வந்தது, கல்ப் வந்தது, வெப்பேக் வந்தது, வீட் வந்தது. ஒவ்வொன்றும் முந்தையது செய்த பாவத்தைக் கழுவ வந்த அவதாரம். கணினி இயலில் கஷ்டமானவை இரண்டுதான், கேஷில் கிடக்கும் பழசைத் தள்ளுவதும் பெயர் வைப்பதும் என்று நெட்ஸ்கேப் நாட்களில் ஃபில் கார்ல்டன் சொன்னதாகச் சொல்வார்கள். அவர் காஞ்சிபுரம் வந்து பார்த்திருக்க வேண்டும். இந்த இரண்டு கஷ்டமும் அங்கே பல்லவர் காலத்திலிருந்து குடியிருக்கின்றன.

முதல் ரிலீஸ் பல்லவ ராஜா மகேந்திரவர்மனுடையது. ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மண்டகப்பட்டில் பாறையைக் குடைந்து முடித்த கையோடு, செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவுமே இல்லாமல் கோயில் எடுத்துவிட்டதாகக் கல்லில் வெட்டிவைத்தார். இன்றைய பாஷையில் டிபெண்டன்சி பூஜ்யம். நோட் மாட்யூல்ஸ் ஃபோல்டரின் எடையை ஒருமுறை பார்த்தவர்கள் இவருக்கு மாலை வாங்கிப்போவார்கள். ஒரே சங்கடம், பாறை எங்கே இருக்கிறதோ அங்கேதான் சாமி குடியேற முடியும்.

எள்ளுப்பேரன் ராஜசிம்மனுக்கு அது பிடிக்கவில்லை. தலைநகரிலேயே கோயில் வேண்டும். அடியில் கருங்கல், மேலே மணற்கல் என்று காஞ்சியில் கட்டினார். மணற்கல் செதுக்கச் சுகம், மழைக்கு ஆகாது. பின்னால் வந்தவர்கள் சாந்தை அப்பி அப்பிப் பேட்ச் போட்டார்கள். பேட்சுக்கு மேல் பேட்ச் விழுந்ததில் சில சிங்கங்களுக்குப் பல்வலி வந்த முகம்.

இதே ராஜசிம்மன் செய்த இன்னொரு காரியத்தை எந்தக் கோட் ரிவ்யூவிலும் பாஸ் பண்ண மாட்டார்கள். தன்னுடைய பட்டங்களை, 200-க்கு மேல் இருக்கும், சுற்றிலும் உள்ள சிற்றாலயங்களில் வரிசையாக வெட்டச் சொன்னார். வெட்டியாயிற்று. அதையே வேறு எழுத்து வடிவத்தில் மறுபடி வெட்டச் சொன்னார். ஓரிடத்தில் வைத்துவிட்டு மற்றவர்களை அங்கே பார்த்துக்கொள்ளச் சொன்னால் தீர்ந்தது. கூலி கொடுப்பவர் ராஜா என்பதால் ஸ்தபதிகள் வாயைத் திறக்கவில்லை.

இவ்வளவு செய்தும் பெயர் நிலைக்கவில்லை. அவர் வைத்தது ராஜசிம்மேச்சுரம், ஊர் இன்று சொல்வது கைலாசநாதர் கோயில். கல் அப்படியே இருக்கிறது, பெயர் போய்விட்டது. பழைய முகவரியை வைத்துக்கொண்டு ஆட்டோ ஏறினால் 404.

எட்டாம் நூற்றாண்டில் சாளுக்கிய இரண்டாம் விக்கிரமாதித்தன் காஞ்சிக்குள் புகுந்தார். பல்லவ ராஜா ஓடிவிட்டதால் ஊர் முழுக்க அட்மின் பர்மிஷன் அவர் கையில். டெலிட் பண்ணியிருக்கலாம். கோயில் சொத்தைப் பார்த்துவிட்டு, அதைச் சாமிக்கே திருப்பிக் கொடுத்து, அந்தச் செய்தியைத் தூணில் கன்னடத்தில் கமென்ட்டாக எழுதிவிட்டுப் போனார். அந்தக் கமென்ட்டை இன்றுவரை யாரும் நீக்கவில்லை. ஊருக்குப் போனதும் ராணி லோகமகாதேவி பட்டடக்கல்லில் இந்தச் சாயலிலேயே ஒரு கோயில் எழுப்பினார். இன்று விருபாட்சர் கோயில் என்கிறோம். அதை எடுத்த குண்டன் என்ற ஸ்தபதிக்குப் பட்டம் கிடைத்தது. அந்தக் கோயிலைப் பார்த்துத்தான் எல்லோராவின் கைலாசம் குடையப்பட்டது என்கிறார்கள் கலை வரலாற்றுக்காரர்கள். ஆக, ஃபோர்க்கின் ஃபோர்க். ராஜசிம்மனுக்கு ஒரு ஸ்டார்கூட வரவில்லை.

அடுத்தது இடமாற்றம். கோயிலில் மூலவர் அசைய மாட்டார், உற்சவர்தான் ஊர் சுற்றுவார். இந்தப் பிரிவினையின் அருமை 1688-இல் தெரிந்தது. முகலாயப் படை வருகிறது என்ற பயத்தில் வரதராஜப் பெருமாளின் உற்சவரை ஊரைவிட்டுக் கடத்தினார்கள், பாடை கட்டிச் சவ ஊர்வலம் போல் கொண்டுபோனார்கள் என்பது வழிவழிப் பேச்சு. போய்ச் சேர்ந்த இடம் உடையார்பாளையம். படை பயம் போன பிறகு திரும்பக் கேட்டால், அங்கிருந்த ஜமீன்தாருக்குப் பெருமாளை விட மனமில்லை. கிளவுட் கம்பெனிகள் இன்று செய்வதும் இதுதான். ஏற்றுவது இலவசம், இறக்குவதற்குத்தான் ஆயிரம் சாக்கு. கடைசியில் ஆத்தான் ஜீயர் போய் ஆற்காட்டுத் தளபதி தோடர்மாலைப் பிடித்து, அவர் படையோடு போய் நிற்க, 1710-இல் பெருமாள் வீடு திரும்பினார். கல்வெட்டே இருக்கிறது.

காஞ்சியின் இன்னொரு உற்சவர் பங்காரு காமாட்சியோ கிளம்பிப் போனவள்தான், திரும்பவில்லை. ஊர் ஊராக ஹோஸ்டிங் மாறி, திருவாரூரில் தங்கியிருந்தபோது அவள் அர்ச்சகர் வீட்டில் 1762-இல் சங்கீதக்காரர் சியாமா சாஸ்திரி பிறந்தார். பிறகு அவள் தஞ்சாவூர் மேலவீதியில் நிரந்தரமாகிவிட்டாள். காஞ்சிக்கு நஷ்டம், கர்நாடக சங்கீதத்துக்கு லாபம்.

காஞ்சியின் பட்டுத்தறிக்கு வருவோம். அந்தக் காலத்தில் பூவேலைக்குத் தறியில் அடை கட்டுவார்கள். டிசைன் முழுவதும் நூல் முடிச்சாகத் தறியோடேயே கிடக்கும். பக்கத்து வீட்டுத் தறிக்கு அதே யானை வேண்டுமென்றால் முதலிலிருந்து கட்ட வேண்டும். பிரான்சில் 1804-இல் ஜக்கார்டு செய்தது, டிசைனைத் தறியிலிருந்து பிரித்து ஓட்டை போட்ட அட்டைகளுக்கு மாற்றியது. அட்டையைக் கழற்றி அடுத்த தறியில் மாட்டினால் அதே யானை அங்கேயும் நடக்கும். ஒரு கால் கோணலா, அந்தக் காலுக்குரிய அட்டைகளை மட்டும் மாற்று. இந்த அட்டையைப் பார்த்துத்தான் சார்லஸ் பாபேஜ் தன் கணக்கு யந்திரத்துக்கும் அட்டையை யோசித்தார். வெப்பேக்கின் பாட்டன் பூட்டன் எல்லாம் தறியின் தலைக்கு மேலே உட்கார்ந்திருக்கிறார்கள்.

கோர்வைப் புடவையோ இன்னும் கெட்டி. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். மூன்று நாடா ஓடும், ஒரு பக்கக் கரையைப் பார்த்துக்கொள்ள உதவிக்கு இன்னொரு ஆள் உட்காருவார். கரையின் நிறத்தை மாற்ற உடலைத் தொட வேண்டாம். ஒன்றாகக் கட்டிய ஜாவாஸ்கிரிப்ட் பண்டிலைத் துண்டு துண்டாகப் பிரித்து, மாறிய துண்டை மட்டும் அனுப்பு என்று சொல்லிக்கொடுக்க இன்று மூன்று நாள் மாநாடு நடக்கிறது. புடவை கிழிந்தாலும் கரை பிரியாது என்று கடைக்காரர் சத்தியம் செய்வார். பண்டிலுக்கு அப்படிச் சத்தியம் செய்ய ஆள் இல்லை.

இனி கேஷ். ஒருமுறை வாங்கிய லோகோவைப் பிரௌசர் பத்திரப்படுத்திக்கொள்ளும், அடுத்த முறை சர்வரைக் கேட்காது. இங்கே லோகோவை மாற்றிவிட்டுப் பெயரை மாற்றாமல் விட்டால், உலகமே பழைய லோகோவைப் பார்த்துக்கொண்டிருக்கும். அதற்காகத்தான் பில்ட் நேரத்தில் உள்ளடக்கத்திலிருந்து ஒரு ஹாஷ் கணக்கிட்டுக் கோப்பின் பெயரில் வாலாக ஒட்டுகிறார்கள். ஒரு புள்ளி மாறினாலும் வால் மாறும், வால் மாறினால் பெயர் புதிது, புதிதென்றால் பிரௌசர் கேட்டுத்தான் ஆக வேண்டும். இந்த வாலைச் சொல்கிற ஹெச்டிஎம்எல் பக்கத்தை மட்டும் சர்வரைக் கேட்காமல் காட்டக்கூடாது.

வரதர் கோயிலில் இதே சிக்கல் வந்தது. மூலவர் முன்பு அத்திமரம், பின்பு பழைய சீவரத்திலிருந்து வந்த கல் என்பது கோயில் வரலாறு. உள்ளடக்கம் மாறிவிட்டது, பெயர் அதே வரதர். காஞ்சிக்காரர்கள் அசரவில்லை. பழையவர் பெயருக்கு முன்னால் அத்தியை ஒட்டினார்கள். வாலுக்குப் பதில் தலை, பலன் ஒன்றுதான். பழைய வெர்ஷனை அழிக்காமல் அனந்த சரஸ் குளத்துக்குள் ஆர்க்கைவ் செய்து, 40 வருஷம் கழித்து எடுக்கலாம் என்று காலக்கெடுவும் போட்டார்கள்.

1999-இல் வந்த ஹெச்டிடிபி விதிப்புத்தகம் காலாவதித் தேதியை ஒரு வருஷத்துக்கு மேல் வைக்காதே என்றது. ஒரு வருஷம் என்பது 3 கோடியே 15 லட்சத்து 36 ஆயிரம் வினாடி. வரதருக்கு 126 கோடியே 23 லட்சத்து 4 ஆயிரம் வினாடி. விதிப்புத்தகம் எழுதியவர்கள் கோயில் நிர்வாகத்தைக் கலந்துகொள்ளவில்லை. 1979-க்குப் பிறகு 2019 ஜூலை 1-இல் கெடு முடிந்தது. கேஷ் எல்லோருக்கும் ஒரே நாளில் காலாவதியானால் அத்தனை பேரும் மூல சர்வரை நோக்கித்தான் வருவார்கள். சின்னக் காஞ்சிபுரத்துத் தெருக்களின் அகலம் இந்தக் கணக்கில் சேர்க்கப்படவில்லை. 48 நாள் முதலில் படுத்தும் பிறகு நின்றும் சேவை தந்துவிட்டு அவர் மறுபடி குளத்துக்குள் போனார்.

அடுத்த ரிலீஸ் 2059. அன்றைக்கு உங்கள் 2019-ஆம் வருஷத்து வெப்பேக் புராஜெக்டை ஒருவர் தூசி தட்டி எடுத்து, என்பிஎம் இன்ஸ்டால் அடித்துப் பார்க்கட்டும். அது முடிவதற்குள் வரதர் 48 நாளையும் முடித்துக்கொண்டு அடுத்த நாற்பதுக்குக் குளத்தில் இறங்கியிருப்பார்.