சஸ்பென்ஷன் மாமா

ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் பம்பாய் மாதுங்கா ஃபைவ் கார்டன்ஸ் பக்கம் போனால் இவரைத் தவறவிட முடியாது. ஹெல்மெட், கையுறை, உட்காருமிடத்தில் மெத்தை தைத்த டிரவுசர். சைக்கிள் மட்டும் மரத்தில் சாய்ந்திருக்கும். இவர் ஓட்டிப் பார்த்தவர்கள் குறைவு. பேசிக் கேட்காதவர்கள் அதைவிடக் குறைவு. செம்பூரில் வாட்ச்மேன் இல்லாத சொசைட்டிகூட இருக்கலாம், இப்படி ஒரு மாமா இல்லாத சொசைட்டி கிடையாது.

பிரச்சினை இதுதான்: மலைச் சைக்கிளின் முன் ஃபோர்க்கை மாற்ற வேண்டும். ஸ்பிரிங் இல்லாத ரிஜிடா, ஸ்பிரிங் வைத்த சஸ்பென்ஷனா?

திங்கட்கிழமை அவர் ரிஜிட் கட்சி. "மலிவு ஸ்பிரிங் ஃபோர்க் ரெண்டரை கிலோ ஓய்! ரிஜிட் ஒரு கிலோ சொச்சம்தான்." புதன்கிழமைக்குள் கட்சி மாறிவிடுவார். 1989-இல் ராக்‌ஷாக்ஸ் சஸ்பென்ஷன் ஃபோர்க் வந்ததையும், மறு வருஷமே அந்த ஃபோர்க்கோடு டுராங்கோவில் கிரெக் ஹெர்போல்ட் இறக்கப் பந்தயத்தில் உலகச் சாம்பியன் ஆனதையும், நேரில் கொடி பிடித்தவர்போலச் சொல்லுவார். வெள்ளிக்கிழமை வேறு கவலை: "ஃபோர்க் உயரம் 20 மில்லிமீட்டர் குறைஞ்சா ஹெட் ஆங்கிள், அதான் முன்பக்கச் சாய்வு, கிட்டத்தட்ட ஒரு டிகிரி நிமிர்ந்துடும். அப்புறம் இறக்கத்துல கன்ட்ரோல் என்ன ஆறது?"

கணக்கு சரிதான். இறக்கம்தான் எங்கே என்று தெரியவில்லை. மாமா ஏறிய ஒரே மலை போரிவலி நேஷனல் பார்க்கில் இருக்கிறது. அங்கேயும் கன்னேரி குகை வரை தார் ரோடு.

"ஏன்னா, பொண்ணுக்கு வரன் பார்த்தப்போகூட இவ்ளோ விசாரிக்கலையே!" என்பாள் மாமி.

"மாப்பிள்ளைக்கு லாக்-அவுட் கிடையாதே" என்பார் மாமா.

லாக்-அவுட் என்பது சஸ்பென்ஷனை அசையாமல் பூட்டும் திருகு. தார் ரோட்டில் மிதிக்கிற பலம் ஸ்பிரிங்கில் வீணாகாமலிருக்க அது வேண்டுமாம். ஆக, காசு கொடுத்து வாங்கி, பூட்டி வைத்துக்கொள்ளப் போகிறார்.

தாராவி 90 அடி ரோட்டு மெக்கானிக் திருநெல்வேலிக்காரர், ஒரே மூச்சில் முடித்துவிட்டார்: "மலிவு ஷாக் எதுக்கு சார்? பம்பாய் மழையில தண்ணி உள்ள போயி, துருப்பிடிச்சு நின்னுரும். அப்புறம் அதுவும் ரிஜிட்தான?"

என்னைக் கேட்டால், பேவர் பிளாக் பெயர்ந்த பள்ளங்களுக்கு அகலமான டயர் போட்டு, காற்றைக் கொஞ்சம் குறைத்தாலே பாதி குலுக்கல் போய்விடும். ஆனால் மாமா என்னைக் கேட்பதில்லை. செலவு வைக்காத யோசனை அப்கிரேட் ஆகாது.

அவர் ஹெட் ஆங்கிளை விளக்கிக்கொண்டிருக்கும்போதே தாராவி இட்லிக்காரர் ரப்பர் ஹார்னை அமுக்கிக்கொண்டு வருவார். சாதா இரும்புச் சைக்கிள், சாதா ஃபோர்க். பின்னால் இட்லி அண்டா, ஹேண்டிலில் சாம்பார் தூக்கு. அதே பள்ளத்தில் இறங்கி ஏறியும் ஒரு சொட்டு வெளியே வராது.

மாமா குனிந்து அந்த ஃபோர்க்கைத் தடவிப் பார்ப்பார். "ஏம்ப்பா, இது எவ்வளவு வருஷமா தாங்கறது?"

"அப்பா ஓட்டுன வண்டி சார். அஞ்சு இட்லியா, பத்தா?"

மாமா யோசிக்க ஆரம்பிப்பார்.