காட்டிக்கொடுத்தவனுக்கு ஒரு கும்பிடு

ஏலேய், நாலு பேரும் இப்படிக் கிட்ட வாங்க. தொண்டை கிழியக் கத்தாதீக, திருவேங்கடம் பஸ் ஸ்டாண்டு முழுக்கக் கேக்குது. சங்கரன்கோவில் பஸ்ஸுக்கு நிக்கிற ஒரு பொம்பளையாள் எங்கிட்ட வந்து, “அண்ணாச்சி, யாரோ கிறிஸ்டோபராம், கட்டிக்கப்போற பிள்ளையவே காட்டிக்கொடுத்துட்டானாம், எந்தத் தெருப் பையன்?”னு கேக்கா. நான் என்னத்தச் சொல்ல? அமெரிக்காவுல நியூ ஜெர்சித் தெருன்னு சொல்லி பஸ் ஏத்திவிட்டேன்.

நானும் பாத்தேம்லே அந்த மாஃபியா நாடகத்த. ‘தி சோப்ரனோஸ்’. 1999ல ஆரம்பிச்சு 2007ல முடிச்சிருக்கான், மொத்தம் 86 பாகம். நம்ம சீரியல்காரனா இருந்தா 86 பாகத்துல கதாநாயகிக்குத் தாலியே ஏறியிருக்காது. இவன் அதுக்குள்ள ஊருல பாதிப்பேரக் கொன்னு புதைச்சுட்டான். கெட்டிக்காரன்தான்.

சரி, உங்க பஞ்சாயத்துக்கு வருவோம். பிக் புஸ்ஸி பெரிய துரோகியா, அந்த ஏட்ரியானா பிள்ளை பெரிய துரோகியா? இதுக்குத்தான ராத்திரி பன்னெண்டு மணி வரைக்கும் வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு நிக்கீக? தலைவன் டோனி அண்ணன் கூடவே சோறு தின்னவன் பிக் புஸ்ஸி, சட்டைக்குள்ள மைக்க ஒட்டிக்கிட்டு எஃப்.பி.ஐ.க்கு அத்தனையும் ஒப்பிச்சான், அவன படகுல கூட்டிட்டுப் போயிச் சுட்டுக் கடல்ல போட்டது ஞாயந்தான்னு ஒருத்தன். குடும்பஸ்தன், ஹெராயின் வித்த கேஸ்ல மாட்டிக்கிட்டான், வேற வழி இல்லன்னு இன்னொருத்தன். ஒருத்தன் கண்ணுல தண்ணி வேற. உங்க தாத்தன் செத்த அன்னிக்குக்கூட நீ இப்படி அழுகலியேலே.

உங்க விசுவாசத்த மெச்சுதேன். ஆனா ஒரு சந்தேகம். டோனி யாரு? கேட்டா குப்பை அள்ளுற காண்ட்ராக்ட்னு சொல்லுதான். அள்ளுறது குப்பை மட்டுமில்லங்கிறது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவனுக்குத் துரோகம் பண்ணுனா உங்களுக்கு ஏம்லே வலிக்குது? கேமராவ அவன் வீட்டு அடுப்பங்கரையில வச்சுட்டான், அதான் வலிக்குது. பத்து நாள் ஒருத்தன் வீட்டுத் திண்ணையில படுத்தா அவன் களவாணின்னாலும் நமக்கு மாமன் ஆயிருவான். கேமராவ எடுத்து அவன்கிட்ட அடி வாங்குன கடைக்காரன் வீட்டுல வச்சிருந்தா, பிக் புஸ்ஸிக்குத் திருவேங்கடத்துல ஃப்ளெக்ஸ் போர்டு வச்சிருப்பீக.

ஏட்ரியானா கதைய எடுத்துக்கோங்க. அவ எங்கயும் போயிச் சத்தியம் பண்ணல, விரலக் கீறி ரத்தம் விடல. சிநேகிதின்னு ஒருத்தி வந்து ஒட்டுனா, கடைசியில பாத்தா அவ எஃப்.பி.ஐ. ஆளு. மாட்டுன பிள்ளை என்ன செய்யும்? கட்டிக்கப்போற கிறிஸ்டோபர்கிட்டயே சொன்னா: வா, அவங்க பாதுகாப்புல வேற பேருல வேற ஊருக்குப் போயிப் பிழைப்போம். அவன் மொதல்ல கழுத்த நெரிச்சான். பிறவு அழுதான். பிறவு சிகரெட் வாங்கிட்டு வாரேன்னு கெளம்புனான். இங்கதான் நல்லாப் பாக்கணும். பெட்ரோல் பங்குல நிக்கான், அவன் வண்டி ஹம்மர். பக்கத்துல ஒரு ஓட்டை வண்டி, ஏழைப்பட்ட குடும்பம், பிள்ளைக, மூட்டைமுடிச்சு. அதையே பாக்கான். அவளோட ஓடிப்போனா நாளைக்கு நாமளும் இப்படித்தானன்னு தோணுது. அவ்வளவுதான், விசுவாசம் பொத்துக்கிட்டு வந்துருச்சு! நேரா டோனிகிட்டப் போயிச் சொல்லிட்டான். அவ கதை முடிஞ்சது. அன்னிக்கு மட்டும் பக்கத்து வண்டி நல்ல வண்டியா இருந்திருந்தா அவ பிழைச்சிருப்பாளோ என்னவோ. நீங்க அவனுக்கு ‘விசுவாசி’ன்னு பேரு வைக்கீக. நான் ஹம்மர் வண்டிக்காரன்னு வைக்கேன்.

அந்த விசுவாசிக்குக் கெடச்ச சம்பளம் என்ன? மூணு வருசம் கழிச்சு 2007ல ஒரு பாகம். கார் உருண்டு மூச்சுக்குத் திணறிக்கிட்டுக் கெடக்கான். டோனி பக்கத்துல உக்காந்து அவன் மூக்கப் பிடிச்சுப் பொத்துனான். முடிஞ்சது. விசுவாசம் எப்பவும் கீழருந்து மேல போகும் மக்கா, மேலருந்து கீழ வந்ததா நான் இதுவரைக்கும் கேள்விப்படல.

இதையெல்லாம் விடுங்க. உங்கள்ல ஒருத்தனாவது கடைசி சீசன நிதானமாப் பாத்தீகளா? டோனியே எஃப்.பி.ஐ. ஆள் ஹாரிஸ்கிட்டப் போயி, தன் கிளப்புக்கு வந்துபோன ரெண்டு பேரப் பத்தித் துப்புச் சொல்லுதான். அந்த ஹாரிஸும் பதிலுக்கு எதிரி எங்க ஒளிஞ்சிருக்கான்னு காதுல போடுதான். இந்தக் கொடுக்கல் வாங்கலுக்கு உங்க அகராதியில என்ன பேரு? வேலைக்காரன் செஞ்சா காட்டிக்கொடுக்கிறது, முதலாளி செஞ்சா ராஜதந்திரம். எழுதி வச்சுக்கோங்க, தீப்பெட்டி ஆபிஸ்ல சம்பள உயர்வு கேக்கும்போது உதவும்.

இப்ப நான் சொல்லப்போறதக் கேட்டு யாரும் அடிக்க வராதீக. இந்த மாஃபியாக் கதை பூரா நமக்குக் கெடச்சதே காட்டிக்கொடுத்தவனாலதான். ஜோசப் வலாச்சின்னு ஒருத்தன். 1963ல அமெரிக்க செனட் கமிட்டி முன்னால உக்காந்து, டி.வி.யில ஊரே பாக்க, எங்க கூட்டத்துக்குப் பேரு கோசா நோஸ்ட்ரா, சேரும்போது மேசையில துப்பாக்கியும் கத்தியும் வைப்பாக, விரலக் குத்தி ரத்தம் எடுப்பாக, காகிதத்தக் கையில வச்சு எரிச்சுச் சத்தியம் வாங்குவாகன்னு பிட்டுப் பிட்டு வச்சான். உங்க நாடகத்துல கிறிஸ்டோபருக்குச் சாமி படத்த எரிச்சுச் சத்தியம் பண்ணி வைக்கிற காட்சி வருதே, மெய் சிலிர்த்துப் பாத்தீகளே? அப்படிப்பட்ட சடங்க ஊரறியச் சொன்னவன் அவன். வாயத் தொறக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணுன அத்தனை உத்தமன்களும் வாயத் தொறக்காமலே செத்துப் போனானுக. அவனுக கதை யாருக்குத் தெரியும்?

அந்த வலாச்சி ஏன் பேசுனான்? ஜெயில்ல அவன் தலைவன் ஜெனோவீஸுக்குச் சந்தேகம், இவன் போலீஸ்ல சேந்துட்டான்னு. இவனுக்கு உயிர்ப்பயம். தன்னக் கொல்ல வாரான்னு நெனச்சு, 1962ல ஆள் மாறி வேற ஒரு கைதிய இரும்புக் குழாயால அடிச்சுக் கொன்னுட்டான். அதுக்கப்புறந்தான் அரசாங்கத்துப் பக்கம் சாய்ஞ்சான். துரோகின்னு சொல்லிச் சொல்லியே துரோகி ஆக்கிவிட்டுட்டானுக. மாமியா திட்டித் திட்டி மருமக தனிக்குடித்தனம் போறது நம்மூருக்குத் தெரியாதா என்ன.

நியூ ஜெர்சி தூரம்னா தென்காசிக்கு வாங்க. 1910ல அங்க ஒரு வீட்டுக்குள்ள நீலகண்ட பிரம்மச்சாரி கூட்டம் கூட்டுனாக. காளி படம். குங்குமத்தத் தண்ணியில கரைச்சு, இது வெள்ளைக்காரன் ரத்தம்னு குடிச்சாக. விரலக் கீறி ரத்தத்தக் காகிதத்துல வச்சாக. அடுத்த வருசம் ஜூன் 17ஆம் தேதி மணியாச்சி ஸ்டேசன்ல, அதே கூட்டத்தச் சேந்த செங்கோட்டை வாஞ்சிநாதன் கலெக்டர் ஆஷைச் சுட்டுட்டுத் தன்னையும் சுட்டுக்கிட்டாரு. நாட்டுக்காக உசிரக் கொடுத்தவரையும் குப்பை காண்ட்ராக்டருக்கு ஆள் சுடுறவனையும் ஒண்ணாச் சேக்கேன்னு நெனைக்காதீக, அந்த அளவுக்கு எனக்கு வயசாகல. நான் சொல்ல வந்தது அந்தக் குங்குமத் தண்ணியப் பத்தி. பூட்டுன கதவுக்குள்ள நடந்தது உங்களுக்கும் எனக்கும் எப்படித் தெரியும்? கூட்டத்துல இருந்த ஆளுகள்லயே ரெண்டு பேரு அப்ரூவரா மாறுனாக. கோர்ட்டுல ஏறிச் சொன்னாக. நீலகண்ட பிரம்மச்சாரிக்கு ஏழு வருசம் ஜெயில். சொன்னவங்கள நானும் திட்டத்தான் செய்வேன். ஆனா அவங்க சொல்லாம இருந்தா, வாஞ்சி கதையில அந்தக் காட்சி மட்டும் இருட்டாவே போயிருக்கும்.

சட்டத்துக்கு இந்த விசயத்துல நம்மள விட மூள சாஸ்தி. அப்ரூவருக்கு மன்னிப்புக் கொடுக்கிறதுக்குன்னே ஒரு பிரிவு வச்சிருக்கான், பழசுல 306, இப்ப வந்த புதுச் சட்டத்துல 343. ஒரே நிபந்தனை, தெரிஞ்சத ஒளிவுமறைவு இல்லாம முழுசாச் சொல்லணும். பாதிய மறைச்சா மன்னிப்புப் போயிரும். கூட்டாளியக் காட்டிக்கொடுத்தாலும் அதுல நேர்மை வேணுங்கான். நம்மாளு உண்மையும் சொல்ல மாட்டான், பொய்யும் முழுசாச் சொல்ல மாட்டான், கெடந்து முழிப்பான்.

அப்புறம் ஒரு புத்திமதி. துரோகம் பண்ணித்தான் ஆகணும்னா தூரத்து ஊர்க்காரனாப் பொறந்து பண்ணுங்க. கட்டபொம்மனப் பிடிச்சு வெள்ளைக்காரன்கிட்ட ஒப்படைச்சது புதுக்கோட்டைத் தொண்டைமான். 1799 அக்டோபர் 16ல கயத்தாறுல தூக்குல போட்டாச்சு. ஆனா இன்னிக்கும் ஒருத்தன் போட்டுக்கொடுத்தா நாம வையிற பேரு என்ன? எட்டப்பன். எட்டயபுரம் கும்பினிக்குப் படை கொடுத்தது நெசம், பாஞ்சாலங்குறிச்சி நெலத்துல பங்கு வாங்குனதும் நெசம். ஆனா ரெண்டு பாளையத்துக்கும் அதுக்கு முந்தியே எல்லைத் தகராறு. என்னைக்குக் கூட நிக்கேன்னு சத்தியம் பண்ணுனாக, அதுல இருந்து மாறுனாகன்னு சொல்ல? புதுக்கோட்டைக்காரர் பேரு நாக்குல சரியா உக்காரல, பொழைச்சுக்கிட்டாரு. இதுல ஒரு கொடுமை, பாரதி பொறந்ததும் எட்டயபுரந்தான். ஊருக்கு அவர் பேரு ஒட்டாம எட்டப்பன் பேரு ஒட்டிக்கிச்சு.

சரிலே, சத்தம் குறைஞ்சதுக்குச் சந்தோசம். இப்ப உங்க சொந்த மாஃபியா விசயத்துக்கு வாரேன். நாலு பேரு காசு போட்டு, நாடகம் பாக்க ஒரே அக்கவுண்ட் வாங்கி, பாஸ்வேர்ட வெளிய சொல்லக் கூடாதுன்னு முப்பிடாதி அம்மன் கோயில் முன்னால கற்பூரம் ஏத்திச் சத்தியம் பண்ணுனீகளாம. போன வாரம் படம் திடீர்னு நின்னு, அளவுக்கு மேல ஆளு பாக்காகன்னு எழுத்து வந்துச்சாம. அன்னையிலருந்து ஒருத்தன ஒருத்தன் முறைக்கீக. ஆமா, உங்கள்ல ஒருத்தன் சிவகாசியில இருக்கிற அவன் மாமன் மகளுக்குக் கொடுத்துட்டான். அவளும் நல்ல பிள்ளை, பாத்துட்டு அவ தங்கச்சிக்குக் கொடுத்துட்டா. யாருன்னு எனக்குத் தெரியும், அவனே வந்து எங்கிட்டச் சொன்னான். ரெண்டு ஆமவடையும் ஒரு டீயும் வாங்கிக்கொடுத்து முழுசாச் சொன்னான், ஒண்ணையும் மறைக்கல. அதனால 343ல மன்னிப்புக் கொடுத்துட்டேன், பேரச் சொல்ல மாட்டேன். மத்த மூணு பேரும் நாலு ஆமவடை வரைக்கும் வந்தா யோசிக்கலாம்.