விருதுக்குப் பணம் கட்டலாமா?

கேள்வி: காக்களூர் சிட்கோ தொழிற்பேட்டையிலுள்ள சிறு ஆலை, கட்டணம் செலுத்தித் தொழில் விருதுக்குப் போட்டியிடுவது லாபமா?

பதில்: பணம் எதற்குப் போகிறது என்பதே கணக்கு. மேடைக்கும் சால்வைக்கும் கேடயத்துக்கும் என்றால் அது விளம்பரச் செலவு. கேடயத்தைப் பார்த்து ஆர்டர் தருபவர் அரிது. ஆலைக்குள் வந்து நிபுணர்கள் துருவித் துருவிச் சோதிக்கும் விருது வேறு இனம். சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு 1998-இல் தர மேலாண்மைக்கான ஜப்பானின் டெமிங் பரிசை வென்றது. இந்திய நிறுவனங்களில் அதுவே முதல். அத்தகைய பரிசுக்குப் பல ஆண்டுகள் தயாராக வேண்டும். அந்தத் தயாரிப்பில் பழுதும் வீணும் குறைவதே பெரிய வரவு, பரிசு வந்தாலும் வராவிட்டாலும். சிறு ஆலைக்கு எட்டும் தொலைவில் இருப்பது, பழுதில்லா உற்பத்திக்கான மத்திய அரசின் ‘ஜெட்’ சான்று. 2022-இல் புதுப்பிக்கப்பட்ட திட்டப்படி கட்டணத்தில் குறுந்தொழிலுக்கு 80, சிறுதொழிலுக்கு 60, நடுத்தரத் தொழிலுக்கு 50 சதவீதம் மானியம் உண்டு.