சிரித்துக்கொண்டே கொடுத்த குச்சி

எங்கள் தென்காசி வீட்டுக் கொல்லையில் வீட்டுக்காரி போட்டிருந்த கீரைப்பாத்தியை ஆடுகள் மேய்ந்துவிட்டன. "வேலி போடுங்க" என்றாள். கம்பிவேலிக்கு விலை கேட்டேன். உடனே எனக்கு இயற்கைமேல் பக்தி வந்துவிட்டது. அடுத்த தெரு அண்ணாச்சி ஒரு கட்டு திருகுகள்ளிக் குச்சி கொடுத்தார். "பாலைக் காயவிட்டு ஊனும் வே. ஆடு மோந்துகூடப் பாக்காது. தண்ணி வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்." கொடுக்கும்போது சிரித்தார். நல்ல மனுஷன் என்று நினைத்தேன்.

ஊன்றியதெல்லாம் பிடித்தது. என் வாழ்க்கையில் நான் ஊன்றிப் பிடித்தது இது ஒன்றுதான் என்பதால் தினமும் போய்ப் பெருமையாகப் பார்ப்பேன். மூன்றாம் வருஷம் அது என்னைக் குனிந்து பார்த்தது. இலை பேருக்குத்தான், மற்றதெல்லாம் பென்சில் பருமனில் பச்சைக் குச்சி, குச்சியிலிருந்து குச்சி, அந்தக் குச்சியிலிருந்து இன்னொரு குச்சி. நடைபாதை போயிற்று, துணி காயப்போடும் கொடி போயிற்று, கடைசியில் கீரைப்பாத்தியும் போயிற்று. வேலியே பயிரை மேய்வதெல்லாம் வெறும் பழமொழி என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

அரிவாளை எடுத்தேன். முதல் வெட்டிலேயே பால் தெறித்து வலது கண்ணில் விழுந்தது. தண்ணீரை வாரி வாரி அடித்துவிட்டுக் கண் டாக்டரிடம் ஓடினேன். சொட்டு மருந்து, ஒரு வாரத்துக்குக் கறுப்புக் கண்ணாடி. அந்த வாரம் பார்த்தா குற்றாலத்தில் சீசன் களைகட்ட வேண்டும், மதுரையிலிருந்து மச்சினன் குடும்பத்தோடு வந்து இறங்க வேண்டும்! ஐந்தருவியில், வெயிலே எட்டிப் பார்க்காத சாரலில், இடுப்பில் துண்டும் கண்ணில் கறுப்புக் கண்ணாடியுமாக நான். எண்ணெய் தேய்த்துவிடுகிறவர் என் கையைப் பிடித்துப் படியிறக்கிவிட்டார். பாவப்பட்டுக் காசும் வாங்கவில்லை.

வெட்டிய குச்சிகளைக் குப்பைக்குழி ஓரமாக வீசியிருந்தேன். ஆடியில் வீசியது ஐப்பசியில் அங்கேயும் எழுந்து நின்றது.

விடுவேனா, படித்துப் பார்த்தேன். பிறந்த வீடு ஆப்பிரிக்கா. மலையாளத்துப் பெயரான திருக்கள்ளியைத்தான் 1753-ல் லின்னேயஸ் இதன் தாவரவியல் பெயரில் சேர்த்தாராம். நோபல் பரிசு வாங்கிய மெல்வின் கால்வின், கள்ளிப்பாலிலிருந்து பெட்ரோலுக்கு மாற்று எடுக்கலாம் என்று 1970-களில் சொல்லியிருக்கிறார். அடுப்படிக்கு ஓடிப்போய் இதைச் சொன்னேன்.

"இருக்கும். கண்ணுல அரைச் சொட்டு விழுந்ததுக்கே ஆஸ்பத்திரி வரைக்கும் ஓடுனீங்களே" என்றாள்.

இந்த சீசனுக்கும் மச்சினன் வந்தான். குற்றாலம் வருகிறவர்கள் மங்குஸ்தானும் நேந்திரம் சிப்ஸும் வாங்கிப் போவார்கள். இவன், "அத்தான், புது வீட்டுக்கு வேலி போடணும். கம்பி என்ன விலை விக்குது!" என்றான். ஒரு கட்டாகக் கட்டி டிக்கியில் வைத்தேன். "தண்ணி வேண்டாம், ஒண்ணும் வேண்டாம் மாப்பிள்ளை" என்றேன்.

கார் தெருமுனை திரும்பியபிறகுதான் கவனித்தேன், நான் இன்னும் சிரித்துக்கொண்டே நின்றிருந்தேன்.