மேஜைக்கு அடியில்

வேலை செய்துகொண்டிருப்பவனின் ஆரோக்கியத்தில் அக்கறை கொண்டு அவன் வேலையைக் கெடுப்பவர்களை மன்னிக்கும் பக்குவம் எனக்கு இன்னும் வரவில்லை. சமீபத்தில் எங்கள் காரியாலயத்துக் கம்ப்யூட்டர்களில் ஒரு புதிய புரோகிராமை ஏற்றிவிட்டார்கள். அது 20 நிமிஷத்துக்கு ஒரு முறை திரையை மங்கச் செய்து, கைகளைத் தூக்கி நிற்கும் பொம்மையொன்றைக் காட்டி, 20 அடி தூரத்திலுள்ள ஒரு பொருளை 20 விநாடி பார்க்கும்படி உபதேசிக்கிறது. என் இடத்திலிருந்து 20 அடி தூரத்தில் இருக்கும் பொருள் மானேஜர். நான் சம்பள உயர்வு கேட்கப் போகிறேன் என்று நினைத்து அவர் ஒவ்வொரு முறையும் தலையைக் குனிந்துகொள்கிறார். நேற்றோ, மத்தியானம் முழுவதும் போக்குக் காட்டிய கணக்கு டேலியாகும் தறுவாயில், பொம்மை கையைத் தூக்கிவிட்டது.

கம்ப்யூட்டர் களைப்பைப் பற்றி முக்கியமான அபிப்பிராயம் ஒன்றைச் சொல்ல உத்தேசம். அதற்குமுன் கால் ஆட்டுவதைப் பற்றி ஒரு வார்த்தை.

கால் ஆட்டினால் வீட்டில் லட்சுமி தங்கமாட்டாள் என்று பாட்டிமார் அதட்டித்தான் நம்மை வளர்த்தார்கள். லட்சுமி தங்காததற்கு மாதத் தவணைகளே போதுமான காரணமாயிருக்க, காலைப் பழிப்பானேன்? காலையில் மெயில் படிக்கும்போது முன்பாதம் மட்டும் மிருதுவாகத் தாளம் போடும். பதினொரு மணிக்கு முழங்கால் சேர்ந்துகொள்ளும். தயிர்சாதம் தன் தர்மத்தைச் செய்யத் தொடங்கும் இரண்டரை மணிக்கோ, சரீரத்தின் மற்ற அவயவங்களெல்லாம் உறங்கிவிட்ட நிலையில், அந்த ஒரு கால் மட்டும் உடுக்கைச் சத்தம் கேட்ட சாமியாடியைப்போல் ஆவேசம் கொண்டு, மேஜையையும், மேஜைமேலிருக்கும் காப்பியையும், பக்கத்து மேஜைப் பெண்ணின் மானிட்டரையும் ஆட்டிவைக்கும். "சார், நிலநடுக்கமா?" என்று அவள் கேட்டதும் அந்தக் கால் நின்று, மற்றக் கால் தொடங்கும். ஆடுவது நானல்ல; கால் தன் சொந்தப் பொறுப்பில் ஆடுகிறது. அதை அடக்கினால் கைவிரல் பேனாவை டிக் டிக்கென்று அமுக்கும். பேனாவைப் பிடுங்கினால் நாற்காலி அரைவட்டம் சுற்றும். நாற்காலியையும் நிறுத்தினால் மௌஸ் டெஸ்க்டாப்பை ரிஃப்ரெஷ் செய்யும். ரிஃப்ரெஷ் செய்து பயன் கண்டவர் எவருமில்லை, செய்யாதவரும் எவருமில்லை.

இந்த உபத்திரவத்தை எண்ணிப் பார்த்தவரும் உண்டு. டார்வினின் உறவினரான பிரான்ஸிஸ் கால்டன், சலிப்பூட்டிய ஒரு கூட்டத்தில், பிரசங்கத்தைக் கேட்பதை விட்டு, கண்ணுக்கெட்டிய சுமார் ஐம்பது பேர் நெளிவதை எண்ணி, ஆளுக்கு நிமிஷத்துக்கு ஏறக்குறைய ஒரு நெளிவு என்று கண்டு, 1885-இல் 'நேச்சர்' பத்திரிகையில் எழுதினார். கடிகாரத்தை எடுத்தால் பிறர் கவனிப்பார்களே என்று, நிமிஷத்துக்கு 15 வீதம் வந்த தம் மூச்சையே கடிகாரமாக வைத்துக்கொண்டாராம். வயோதிகத் தத்துவஞானிகள் சில சமயம் நிமிஷக்கணக்கில் அசையாமல் இருப்பார்கள் என்றும் அதில் எழுதியிருக்கிறார். அவர்கள் விழித்திருந்தார்களா என்று விசாரித்ததாகத் தெரியவில்லை.

கால்டன் நெளிவை எண்ணினாரென்றால், கவனத்தை அளந்தவரும் ஒருவர் உண்டு. ரேடார் திரையைக் காவல் காத்தவர்களின் பொருட்டு மனோதத்துவ நிபுணர் நார்மன் மாக்வொர்த், ஒரு முள் நகர்வதை ஆட்கள் இரண்டு மணி நேரம் பார்த்திருக்கும்படி செய்து, முதல் அரைமணியிலேயே அவர்கள் கவனம் சரிவதை 1948-இல் எழுதிவைத்தார். எங்கள் மானேஜரோ ஒன்றரை மணி நேரத்துக்குக் குறைந்து எந்தக் கூட்டத்தையும் முடித்ததில்லை. அங்கே மட்டும் எந்தப் பொம்மையும் குறுக்கிடுவதில்லை. மேஜைக்கு மேலே அத்தனை தலைகளும் ஆமோதித்து ஆடும். அடியில் நடப்பதைக் கால்டன் வந்து எண்ண உட்கார்ந்தால், பாவம், அவருக்கு மூச்சு முட்டிவிடும்.