சிகரம், நாலு மீட்டர்

டெல்டாவில் ‘மேடு’ என்று பெயர் வைத்த ஊர் எதற்காவது போய்ப் பாருங்கள். பக்கத்து வயலைவிட ஒரு முழம் உயர்ந்திருக்கும், அவ்வளவுதான். ஐப்பசி அடைமழையில் பத்தாயத்துக்குள் தண்ணீர் போகாமலிருக்க அந்த ஒரு முழம் போதும். அதற்கு மேற்பட்ட உயரம் எதுவும் எங்களுக்குச் சந்தேகத்துக்குரியது. மேட்டில் தண்ணீர் ஏறாது. தண்ணீர் ஏறாத இடத்தில் நெல் விளையாது. நெல் விளையாத இடத்துக்கு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் எழுந்து என்னத்துக்குப் போகவேண்டும்? இது என் கட்சி. தஞ்சாவூரில் இதற்கு நல்ல ஆதரவு உண்டு.

எதிர்க்கட்சி என் அக்காள் மகன். பெங்களூரில் கணினி வேலை. அங்கே சனிக்கிழமை பிறந்தால் ஊரே நந்தி மலைக்கும் சாவனதுர்காவுக்கும் கிளம்பிவிடுமாம். இருட்டில் டார்ச் அடித்துக்கொண்டு ஏறி, சூரியன் உதிப்பதைப் பார்த்துவிட்டு இறங்கிவிடுவார்களாம். “நம்ம மேலவீதி மொட்டை மாடியிலயும் அதே சூரியன்தானேப்பா உதிக்குது” என்றாள் என் மனைவி. அவன் காதில் விழவில்லை. பொங்கல் லீவில் வந்தவன் மாட்டுப்பொங்கல் சாப்பாடு செரிப்பதற்குள் ஆரம்பித்துவிட்டான்.

“மாமா, இந்த வீக்எண்ட் ஒரு ட்ரெக்கிங் போறோம். இங்கேயே, டெல்டாவுக்குள்ள. அதுவும் ஒரு தீவுல.”

தீவு என்றதும் எனக்குச் சிரிப்பு வந்தது. தீவுக்குப் போவதற்கு நாங்கள் ஏன் கிளம்பவேண்டும்? படுத்துத் தூங்குவதே தீவில்தான். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் ஸ்ரீரங்கம். காவிரிக்கும் அரசலாற்றுக்கும் நடுவில் கும்பகோணம். திருவையாற்றிலிருந்து தஞ்சாவூர் வருவதற்குள் காவிரி, குடமுருட்டி, வெட்டாறு, வெண்ணாறு, வடவாறு என்று வரிசையாகப் பாலங்கள். இரண்டு பாலத்துக்கு நடுவில் இருப்பதெல்லாம் தீவு என்றால் எங்கள் டவுன் பஸ் கண்டக்டர்தான் இந்தியாவிலேயே அதிகத் தீவுகளைப் பார்த்தவர்.

மலைதான் பிரச்சினை. சோழ தேசத்து ராஜாக்களுக்கே அது பிரச்சினையாக இருந்திருக்கிறது. சேரனுக்கு மலை இருந்தது, பாண்டியனுக்குப் பொதிகை இருந்தது. சோழனுக்குக் களிமண். ராஜராஜன் பார்த்தார். மலை இல்லாவிட்டால் என்ன, கட்டிக்கொள்வோம் என்று கல்லே கிடைக்காத ஊருக்கு வெளியிலிருந்து கருங்கல்லைக் கொண்டுவந்து குவித்து, 1010-இல் 216 அடியில் பெரிய கோயில் விமானத்தை முடித்தார். அதற்குத் தட்சிணமேரு என்று பெயரும் வைத்தாயிற்று. மேரு வடக்கே இருந்தால் அவர்களோடு இருக்கட்டும், எங்களுக்கும் ஒன்று உண்டு. சுவாமிமலை கதையும் இதுவேதான். முருகன் குறிஞ்சிக்காரர். காவிரிக்கரை வயல் நடுவே அவரைக் குடிவைக்க வேண்டுமானால் மலை வேண்டும். எனவே மலையே கட்டுமலை. அறுபது படி, படிக்கு ஒரு தமிழ் வருஷத்தின் பெயர். ‘பிரபவ’வில் கால் வைத்து ‘அட்சய’வில் போய் மூச்சு வாங்கலாம். டெல்டாக்காரன் வாழ்க்கையில் ஏறும் ஆகப்பெரிய செங்குத்து அதுதான். ஏறி முடித்தவர்கள் நாலு நாளைக்கு முழங்காலைப் பற்றியே பேசுவார்கள்.

மருமகன் செல்போனில் படத்தைப் பெரிதாக்கிக் காட்டினான். கோடியக்கரை. கிழக்கே வங்காள விரிகுடா, தெற்கே பாக் நீரிணை, மேற்கிலும் வடக்கிலும் உப்பங்கழியும் உப்பளமும். “நாலு பக்கமும் தண்ணி. தீவுதானே?” வேதாரண்யத்திலிருந்து பஸ்ஸே போகிற ஊரைத் தீவு என்கிறானே என்று பார்த்தேன். ஆனால் நியாயமாகச் சொன்னால் அவன் பக்கமும் கொஞ்சம் இருக்கிறது. சித்திரையில் காய்ந்து கிடக்கும்போது அது ஒரு முனை. கார்த்திகையில் மழை ஊற்றும்போது தீவு.

“அங்க மலை?”

“ராமர் பாதம். அந்த வட்டாரத்துலயே உயரமான இடம்.”

“எவ்வளவு?”

அவன் குரல் சற்று இறங்கியது. “நாலு மீட்டர்.”

நாலாயிரமா, நானூறா என்று மறுபடி கேட்டேன். நாலுதான். நான் உடனே சம்மதித்துவிட்டேன். ஒரு டெல்டாக்காரனின் உடம்புக்கு ஏற்ற சிகரம் பூமியில் எங்கேயோ இருக்கிறது என்ற நம்பிக்கை எனக்கு எப்போதும் உண்டு.

அவன் ஏற்பாடு ஒரு தினுசு: கணுக்காலை மூடும் பூட்ஸ், மடக்கி நீட்டும் கைத்தடி, குழாய் வைத்த தண்ணீர்ப் பை, ‘எனர்ஜி பார்’ என்று காகிதம் சுற்றிய செவ்வகங்கள். அவன் அத்தையின் ஏற்பாடு இன்னொரு தினுசு: பெரிய தூக்கு நிறையப் புளியோதரை, சின்னத் தூக்கில் தயிர்சாதம், உருளைக்கிழங்கு வறுவல், மாவடு, வாழை இலைக்கட்டு, ஃபிளாஸ்க்கில் காபி. “வெயிட் கம்மியா இருக்கணும் அத்தை, அதுதான் ஹைக்கிங்ல முதல் ரூல்” என்றான். “அப்ப நீ சாப்பிடாத, வெயிட் கம்மியாகும்” என்றாள். நாலு மணிக்குக் கிளம்புவதாக இருந்த கார் ஏழரைக்குக் கிளம்பியது. எங்கள் பக்கம் இதற்குச் சீக்கிரம் என்று பெயர்.

நீடாமங்கலம், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி. இருபுறமும் சம்பா தலைசாய்ந்து அறுவடைக்கு நின்றது. வழியெல்லாம் அவன் கையிலிருந்த கடிகாரம் உயரத்தைச் சொல்லிக்கொண்டே வந்தது. தஞ்சாவூர் கடல்மட்டத்திலிருந்து ஐம்பது மீட்டருக்கு மேலே. போகப் போக எண் குறைந்துகொண்டே போயிற்று. மன்னார்குடியைத் தாண்டும்போது பயலுக்கு விஷயம் உறைத்தது. நாலு மீட்டர் ஏறுவதற்காக நாங்கள் ஐம்பது மீட்டர் இறங்கிக்கொண்டிருக்கிறோம்.

ஆனால் அந்த இறக்கத்தை நான் சும்மா விடமாட்டேன். கிலோமீட்டருக்கு ஏறக்குறைய அரை மீட்டர் சரிவு. கண்ணுக்குத் தெரியாது, காலுக்கும் தெரியாது. தண்ணீருக்குத் தெரியும். ஜூன் 12-இல் மேட்டூரைத் திறந்தால் நாலு நாளில் கல்லணை. அப்புறம் ஆறு, வாய்க்கால், மடை என்று பிரிந்து பிரிந்து, சில வருஷம் கடைமடைக்கு வந்து சேர்வதற்குள் ஆடியே பிறந்துவிடும். இத்தனை தூரம் முதுகில் மூட்டை இல்லாமல், கைத்தடி இல்லாமல், அந்த அரை மீட்டரை மட்டும் நம்பி வருகிறது. டெல்டாவில் நடைப்பயணம் என்றால் முதல் மரியாதை அதற்குத்தான்.

இரண்டாம் மரியாதை ராஜாஜிக்கு. 1930 ஏப்ரல் 13-இல் திருச்சியில் புறப்பட்டார், வயது ஐம்பத்தொன்று. கூட நூறு பேர் அளவில் தொண்டர்கள். தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி வழியாக ஏறக்குறைய 150 மைல் நடந்து 28-ஆம் தேதி வேதாரண்யம் சேர்ந்தார்கள். சித்திரை வெயில் வேறு. அப்போது தஞ்சாவூர் கலெக்டர் தார்ன். இவர்களுக்குச் சோறோ இடமோ கொடுப்பவர்களுக்குச் சிறை என்று அறிவித்துவிட்டார். தஞ்சை ஜில்லாக்காரர்களிடம் போய்ச் சோறு போடாதே என்று உத்தரவு போட்ட ஒரே மனிதர் அவராகத்தான் இருப்பார். ஜனங்கள் சட்டத்தை மீறவில்லை. சோற்றுப் பொட்டலங்களைக் கட்டிச் சாலையோர மரக்கிளைகளில் தொங்கவிட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள் என்று சொல்வார்கள். மரத்தில் சோறு தொங்கினால் கலெக்டர் யாரைப் பிடிப்பார்? அகஸ்தியம்பள்ளியில் நினைவுத் தூணருகே காரை நிறுத்தி மருமகனுக்கு இதைச் சொன்னேன். “செம சப்போர்ட் டீம் மாமா” என்றான். இந்தப் பாராட்டை அந்தக் கிராமத்துப் பெண்கள் கேட்டிருக்கவேண்டும்.

கோடியக்கரை சரணாலயம் 1967-இல் வெளிமான்களுக்காக அறிவிக்கப்பட்டது. இருபத்தொரு சதுர கிலோமீட்டர் சொச்சம். உள்ளே பசேலென்ற குட்டைக் காடு, அப்பால் புல்வெளி. வெளிமான்கள் முறுக்குக் கொம்போடு நின்று எங்களைப் பார்த்தன. தூரத்தில் யாருக்கும் சொந்தமில்லாத மட்டக்குதிரைகள் மேய்ந்தன. சதுப்பு நீரில் பூநாரைகள் தலையைக் கவிழ்த்து இரை தேடிக்கொண்டிருந்தன. இவ்வளவையும் பார்க்க எங்கும் ஏறவேண்டியதில்லை என்பதைத் தனியாகக் குறித்துக்கொண்டேன். வனக்காவலர் ஒருவர் எங்கள் மருமகனின் பூட்ஸையும் கைத்தடியையும் மேலும் கீழும் பார்த்துவிட்டு, “சார் எங்க போறாரு?” என்று என்னிடம் விசாரித்தார். “ராமர் பாதம் ஏறப்போறாரு” என்றேன். சிரிக்காமல் இருப்பதற்கு அவர் பட்ட பாட்டை நான் மதிக்கிறேன்.

என் மனைவிக்குக் கோடியக்கரை என்றால் ‘பொன்னியின் செல்வன்’. பூங்குழலி படகு விட்ட இடம், வந்தியத்தேவன் புதைசேற்றில் மாட்டிக்கொண்ட இடம். வந்தியத்தேவன் மாட்டியதில் எனக்கு ஆச்சரியமில்லை. அவர் வடக்கேயிருந்து வந்தவர். நாற்றங்காலில் கால் வைத்துப் பழகியவன் என்றால் சேற்றைப் பார்த்தவுடன் எங்கே மிதிக்கலாம், எங்கே கூடாது என்று பாதமே சொல்லிவிடும். இதை நான் விளக்கிக்கொண்டிருக்கும்போதே, பூநாரையைப் படம் பிடிக்கப் பாதையைவிட்டு இரண்டடி விலகிய பெங்களூர்க்காரன் கணுக்கால்வரை இறங்கிவிட்டான். பூட்ஸ் நல்ல பூட்ஸ். சேறு அதை விடுவதாக இல்லை. என் மனைவி செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, புடவையைத் தூக்கிச் செருகி, வெறுங்காலோடு போனாள். அவனுடைய கைத்தடியின் ஒரு முனையைப் பிடித்து இழுத்து மீட்டாள். வண்டிக்குத் திரும்பும்போது அவள் நடையே மாறியிருந்தது. அன்று முழுக்க அவள் பூங்குழலிதான். நான் எதுவும் சொல்லிக்கொள்ளவில்லை.

கடைசியாகச் சிகரம். மணல்மேடு, அதன்மேல் சின்ன மண்டபம், உள்ளே கல்லில் இரண்டு பாதச் சுவடுகள். ராமர் இங்கே நின்று இலங்கையைப் பார்த்தார் என்பது ஐதீகம். நாங்கள் கிளம்பிய இரண்டாம் நிமிஷம் உச்சியில் இருந்தோம். நான் வழக்கப்படி முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஏறிய உயரத்துக்காக இல்லை, மரபுக்காக. சுற்றிலும் மரத்தலைகள், அப்பால் வெளிர்நீலமாக ஒரு கோடு.

“இலங்கை தெரியுதா பாரு” என்றாள்.

மருமகன் மனக்கணக்குப் போட்டான். “தெரியாது அத்தை. மேடு நாலு மீட்டர், நம்ம கண்ணு ஒன்றரை மீட்டர். பூமி உருண்டைங்கறதால எட்டு கிலோமீட்டருக்கு மேல ஒண்ணும் தெரியாது.”

“ராமருக்குத் தெரிஞ்சுதே.”

இதற்கு ஐஐடியில் படித்திருந்தாலும் பதில் கிடையாது. அவன் கடிகாரத்தைப் பார்த்தான். அன்றைய சாதனையை அது அறிவித்திருந்தது: ஏறிய உயரம், ஒரு மாடி. எங்கள் வீட்டில் துணி காயப்போட அவள் தினமும் இரண்டு தடவை ஏறுகிற உயரம். அதை அவள் சொல்லவில்லை, சிரித்தாள். பையனுக்குச் சொன்னதைவிட அது அதிகமாகவே வலித்திருக்கும்.

கீழே இறங்கி மரநிழலில் ஜமக்காளம் விரித்தோம். இலை போட்டு, தூக்கைத் திறந்து, வறுவலை எடுக்க அவள் திரும்பினாள். குரங்குகள் வந்த சத்தமே கேட்கவில்லை. பெரிய குரங்கு ஒன்று புளியோதரைத் தூக்கைக் காதோடு பிடித்துக்கொண்டு கிளை கிளையாக மேலே போய்விட்டது. இன்னொன்று தயிர்சாதத்தோடு. வறுவலுக்கு ஒரு குட்டியே போதுமானதாக இருந்தது. 1930-இல் மரத்திலிருந்து சோறு மனிதர்களுக்கு இறங்கியது. எங்கள் காலத்தில் மனிதர்களிடமிருந்து மரத்துக்கு ஏறுகிறது. அன்றைக்கு உருப்படியாக யாராவது மலையேற்றம் செய்தார்கள் என்றால் அது அந்தத் தூக்குதான். காலித் தூக்கு மட்டும் கொஞ்ச நேரம் கழித்துக் கீழே விழுந்தது, மூடி இல்லாமல்.

மருமகனுக்கு அப்போதுதான் முகம் மலர்ந்தது. பையைத் திறந்து எனர்ஜி பார்களை ஆளுக்கு இரண்டாகப் பங்கு வைத்தான். ஓட்ஸ், பேரீச்சம்பழம், ஏதோ விதை. ஒவ்வொன்றிலும் எத்தனை கலோரி என்று படித்தும் காட்டினான். நான் மென்றுகொண்டே இருந்தேன், முடியவில்லை. என் மனைவி ஒரு கடி கடித்து, கண்ணை மூடி ருசி பார்த்து, வேதாரண்யத்து உப்பளங்கள் இருந்த திசையைப் பார்த்தபடி தீர்ப்புச் சொன்னாள்.

“உப்பு பத்தல.”